வீடு உங்களுக்கு! சாவிக்கொத்து யாருக்கு?

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் 2.30 மணி.

டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள நொய்டா நகரில் இரண்டு பெரிய கட்டடங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ஒன்று 32 மாடி. மற்றொன்று 29 மாடி. சுமார் 3 ஆயிரத்து 700 கிலோ வெடிமருந்து வைத்தார்கள். சில விநாடிகளில் இரண்டும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. நாடெங்கும் மக்கள் டெலிவிஷனில் அதைப் பார்த்து, "அடேயப்பா!" என்று வாயைப் பிளந்தார்கள்.

அந்தக் கட்டடங்களை இடிக்க வைத்தது யார்? அரசாங்கம் அல்ல. போலீசும் அல்ல. அதே வளாகத்தில் குடியிருந்த சாதாரண மக்கள்தான்!

அவர்கள் வீடு வாங்கியபோது, வரைபடத்தில் ஒரு தோட்டம் காட்டப்பட்டு இருந்தது. பிறகு அந்த இடத்தில் "சூப்பர்டெக்" என்ற கட்டட கம்பெனி இரண்டு கோபுரங்களை எழுப்பத் தொடங்கியது. கட்டடங்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியை விடவில்லை. குடியிருந்தவர்களின் சம்மதத்தையும் கேட்கவில்லை. குடியிருப்போர் சங்கம் 2012ல் அலகாபாத் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. 2014ல், "இடித்துத் தள்ளுங்கள்" என்று ஐகோர்ட்டு தீர்ப்பு அளித்தது. கம்பெனி அப்பீல் செய்தது. 2021 ஆகஸ்டு 31ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதே தீர்ப்பை உறுதி செய்தது. சங்கத்துக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கும்படியும் கம்பெனிக்கு உத்தரவிட்டது.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். அந்தச் சங்கத்தின் தலைவர் கம்பெனிக்காரரின் மைத்துனராக இருந்தால்? செயலாளர் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவராக இருந்தால்? வழக்கு கோர்ட்டு வாசலைக்கூட மிதித்து இருக்காது.

சங்கம் யார் கையில் இருக்கிறது என்பதுதான், அடுக்குமாடி வீடு வாங்கிய ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி. சென்னையிலும் கோவையிலும் இன்று இந்தக் கேள்வி பல வளாகங்களில் புகைந்துகொண்டு இருக்கிறது.

கதவுக்கு வெளியே

தனி வீடு கட்டியவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. மொட்டை மாடி அவருடையது. கிணறு அவருடையது. மோட்டார் கெட்டுப் போனால் மெக்கானிக்கை அவரே கூப்பிடுவார்.

அடுக்குமாடி வீடு அப்படி அல்ல. கதவுக்கு உள்ளே இருப்பது உங்கள் சொத்து. கதவுக்கு வெளியே இருப்பது எல்லோருக்கும் பொதுச் சொத்து. மாடிப்படி, லிப்ட், மொட்டை மாடி, ஆழ்குழாய்க் கிணறு, தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், காம்பவுண்டுச் சுவர், கேட்டு எல்லாம் பொது. நிலமும் பொது. கிரையப் பத்திரத்தில் "பிரிபடாத பாகம்" என்று எழுதி இருக்கிறதே, அது இதுதான்.

இந்தப் பொதுச் சொத்தை ஆரம்பத்தில் பில்டர் நிர்வாகம் செய்கிறார். அதில் தப்பு இல்லை. நூறு வீட்டில் பத்து வீடுதான் விற்று இருக்கிறது என்றால், அந்தப் பத்துப் பேரால் லிப்டும் மோட்டாரும் ஓட்ட முடியுமா? சங்கம் பொறுப்பு ஏற்கும் வரையில், நியாயமான கட்டணம் வாங்கிக்கொண்டு பில்டரே பராமரிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

வீடெல்லாம் விற்ற பிறகும் அவர் நகராமல் இருந்தால்தான் வம்பு. ஏன் நகர மறுக்கிறார்?

ஒரு சிறு கணக்கு

நூறு வீடுகள் உள்ள ஒரு வளாகத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வீடு ஒன்றுக்கு ஆயிரம் சதுர அடி. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு மாதம் 3 ரூபாய். அதாவது வீட்டுக்கு 3 ஆயிரம் ரூபாய். நூறு வீட்டுக்கு மாதம் 3 லட்சம். வருடத்துக்கு 36 லட்சம்! சாவி கொடுக்கும்போதே இரண்டு வருடக் கட்டணத்தை முன்பணமாக வாங்கிவிட்டால் 72 லட்சம் ரூபாய். இது போக, பின்னால் வரும் பெரிய செலவுக்கு என்று "கார்பஸ் பண்டு" வேறு வாங்குகிறார்கள்.

இந்தப் பணம் யார் பெயரில், எந்த பாங்கியில் இருக்கிறது? வட்டி யாருக்குப் போகிறது? சங்கம் பில்டர் கையில் இருக்கும் வரை, இதைக் கேட்பதற்கு ஆள் இல்லை.

இன்னொன்று. நூறில் இருபது வீடு விற்காமல் கிடக்கிறது என்று வையுங்கள். அந்த வீடுகளுக்கு உரிய கட்டணத்தை பில்டர்தான் கட்ட வேண்டும். மாதம் 60 ஆயிரம் ரூபாய். கணக்குப் புத்தகம் அவரிடமே இருக்கும்போது, அவரே அவருக்கு நோட்டீசு அனுப்புவாரா?

எல்லாவற்றையும்விட மோசமானது ரிப்பேர் விவகாரம். கட்டடத்தில் குறை இருந்தால், வீட்டை ஒப்படைத்த நாளில் இருந்து ஐந்து வருடத்துக்குள் அது தெரியவந்தால், பில்டர் தம் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். சொன்ன 30 நாளுக்குள் செய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் சொல்வது இது.

மொட்டை மாடி ஒழுகுகிறது என்று வையுங்கள். பில்டரின் ஆட்கள் வந்து பூசுகிறார்கள். "பார்த்தீர்களா, சொன்னதும் செய்துவிட்டார்!" என்று குடியிருப்போர் சந்தோஷப்படுகிறார்கள். அந்தச் செலவு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டாமா? குடியிருப்போர் கட்டிய பராமரிப்புப் பணத்திலேயே எழுதி இருந்தால்? பில்டர் செய்த குறையை, வாங்கியவர் காசிலேயே அடைத்து ஆயிற்று!

அந்த ஐந்து வருடமும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அது சங்கத்திடம் நிர்வாகத்தை ஒப்படைத்த நாளில் இருந்து கணக்கிடுவது அல்ல. வீட்டை ஒப்படைத்த நாளில் இருந்து கணக்கிடுவது. நாலு வருடம் இழுத்தடித்துவிட்டு பில்டர் வெளியேறினால், புதிய நிர்வாகிகள் குறைகளைக் கண்டுபிடித்துக் கேட்க ஒரே ஒரு வருடம்தான் மிச்சம். "அவர் இன்னும் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளட்டுமே" என்று இருப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய அந்தச் சட்டம், 2017 மே மாதம் முதல் முழு அளவில் அமலுக்கு வந்தது. வாங்கியவர்களின் சங்கம் அமைவதற்கு பில்டர் வழி செய்ய வேண்டும். மாநிலச் சட்டத்தில் வேறு கெடு இல்லாவிட்டால், பாதிக்கு மேற்பட்ட வீடுகள் பதிவான மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய வேண்டும். கட்டடம் முடிந்ததற்கான சான்றிதழ் கிடைத்த 30 நாளுக்குள் வரைபடங்களையும் தஸ்தாவேஜுகளையும் ஒப்படைக்க வேண்டும். இதற்கும் மாநிலச் சட்டம் வேறு கெடு வைத்து இருந்தால் அதுதான் செல்லும்.

மொட்டை மாடி, விளையாட்டு இடம், பூங்கா, திறந்தவெளியில் கார் நிறுத்தும் இடம் எல்லாம் பொது இடங்கள் என்று சட்டத்திலேயே எழுதி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பிளானையோ பொது இடங்களையோ மாற்ற வேண்டும் என்றால், பில்டரைத் தவிர்த்து, வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்கு முன்பே, 2010ல், மும்பை வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. மாடிக்குக் கீழே தூண்களுக்கு நடுவில் கார் நிறுத்தும் இடத்தை பில்டர் தனியாக விலைக்கு விற்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பு.

வேடிக்கை என்னவென்றால், இதே வியாதி அமெரிக்காவிலும் உண்டு. அங்கே புளோரிடா மாநிலத்தில் வீட்டுச் சொந்தக்காரர் சங்கங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு மனைகள் கைமாறி மூன்று மாதம் ஆனால், நிர்வாகக் குழுவில் பெரும்பான்மைப் பேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடியிருப்போருக்கு வந்துவிடும். நம் சட்டம் சங்கம் அமையவேண்டிய நாளைச் சொல்கிறது. நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதை அவ்வளவு பளிச்சென்று சொல்லவில்லை. பெயருக்கு ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, தம் ஆட்களையே உட்கார வைக்கும் பில்டர்களுக்கு இந்த இடுக்கு போதும்.

தமிழ்நாட்டில் அடுக்குமாடிச் சொத்துரிமைக்கு 1994ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2022ல் புதுச் சட்டம் செய்யப்பட்டு, 2024ல் அமலுக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட, மூன்றில் இரண்டு பங்கு சொந்தக்காரர்கள் சம்மதித்தால் போதும் என்பது அதில் முக்கியமான அம்சம். முன்பு ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் காரியம் நின்றுபோகும். இனி அப்படி இல்லை. சங்கத்தின் கை ஓங்கி இருக்கிறது. ஆகவே, அது யாருடைய கை என்பது முன்னைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஆகிவிட்டது.

எதை எல்லாம் வாங்க வேண்டும்?

சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, மாலை போட்டு, காபி கொடுத்து அனுப்பிவிட்டால் ஒப்படைப்பு முடிந்துவிடாது. வாங்க வேண்டியது காகிதம்!

அங்கீகாரம் பெற்ற பிளான், முடிவுச் சான்றிதழ், தாய்ப் பத்திரங்கள், லிப்டு லைசென்சு, கழிவுநீர் நிலையத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதி, உயரமான கட்டடமாக இருந்தால் தீயணைப்புத் துறையின் சான்று, மோட்டார் ஜெனரேட்டர் முதலியவற்றின் உத்தரவாத அட்டைகள் எல்லாம் வேண்டும். பொது மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாக்கி ஏதாவது நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வரவு செலவுக் கணக்கை ஆடிட்டரிடம் காட்ட வேண்டும்.

குழாய் வரைபடத்தைப் பலர் கேட்டு வாங்குவது இல்லை. அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? மூன்றாம் மாடியில் சுவர் ஊறுகிறது. தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று தெரியவில்லை. கொத்தனார் ஒரு இடத்தில் உடைக்கிறார். குழாய் இல்லை. பக்கத்தில் உடைக்கிறார். மின்சார வயர் வருகிறது! ஒரு காகிதம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலைக்கு, நாலு வீட்டுச் சுவர் பாழாகிறது.

"எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு தாளை நீட்டினால், உடனே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. முதலில் ஒரு என்ஜினீயரைக் கூட்டி வந்து, மொட்டை மாடியில் இருந்து கழிவுநீர்த் தொட்டி வரை பார்க்கச் சொல்ல வேண்டும். குறைகளை எழுதி, அந்தப் பட்டியலோடு சேர்த்தே கையெழுத்துப் போட வேண்டும். குறை இருக்கிறது என்பதற்காக நிர்வாகத்தையே ஏற்க மாட்டோம் என்று முறுக்கிக்கொள்வதும் புத்திசாலித்தனம் அல்ல. நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டதனால் பில்டரின் ஐந்து வருடப் பொறுப்பு போய்விடாது.

பில்டர் மட்டும் குற்றவாளியா?

பழியை எல்லாம் பில்டர் தலையில் போட்டுவிடுவது சுலபம். ஆனால் பொதுக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? "எனக்கு ஆபீஸ்", "என் பையனுக்குப் பரீட்சை", "நான் துபாயில் இருக்கிறேன்" என்று ஆளுக்கு ஒரு காரணம். வாடகைக்கு விட்டவர்களுக்கு, வாடகை வந்தால் போதும். வீடு வாங்கியவர் சங்கம் அமைப்பதில் பங்கு கொள்ள வேண்டியது அவரது கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. அதைப் படித்தவர்கள் குறைவு.

நல்ல பில்டர்களும் இருக்கிறார்கள். "தயவு செய்து பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் கெஞ்சியும், பதவிக்கு ஆள் வராமல் திண்டாடுகிற வளாகங்கள் உண்டு. எங்கோ ஒரு ஓய்வு பெற்ற வாத்தியாரோ பாங்கி அதிகாரியோ துணிந்து முன்வந்தால், மறுமாதமே, "கணக்கில் ஐம்பது ரூபாய் உதைக்கிறதே" என்று அவரைப் பிடுங்கித் தின்னுகிறார்கள். கட்டணம் கட்டாதவர்தான் கூட்டத்தில் அதிகமாகக் கத்துகிறவரும்!

மறுத்தால் எங்கே போவது?

பில்டர் ஒப்படைக்க மறுத்தால், முதலில் பதிவுத் தபாலில் நோட்டீசு அனுப்ப வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், சென்னையில் உள்ள தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் செய்யலாம். சங்கமும் செய்யலாம், தனி ஆளும் செய்யலாம். சட்டக் கடமைகளை மீறிய பில்டருக்கு, கட்டடத் திட்டத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 20 கோடி ரூபாய்த் திட்டம் என்றால், அபராதம் ஒரு கோடி வரை போகலாம்.

500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் கட்டியதும், எட்டு வீட்டுக்கு மேற்படாததும் இந்த ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டியது இல்லை. சென்னைத் தெருக்களில் இப்படிப்பட்ட சின்னக் கட்டடங்கள் ஏராளம். அவற்றில் வீடு வாங்குகிறவர்கள், ஒப்படைப்பு நாளையும் ஒப்படைக்க வேண்டிய தஸ்தாவேஜுகளையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

சில பழைய கட்டடங்களில் பில்டரே இப்போது இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள், அல்லது ஆள் இறந்துவிட்டார். அங்கே குடியிருப்போர்தான் ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கி, பிளானின் நகலை அனுமதி கொடுத்த அலுவலகத்திலும், பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டு வாங்க வேண்டி இருக்கிறது. மாதக் கணக்கில் இழுக்கும் வேலை. புதிய சட்டப்படி கட்டடத்தை இடித்துக் கட்ட நினைக்கும் சங்கங்கள் பல, இன்று இந்த வேலையில்தான் இறங்கி இருக்கின்றன.