பழவேற்காட்டுக்கு யார் பொறுப்பு?

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறும் பக்தர்களுக்குக் கடலின் நினைவு வருவதில்லை. திருப்பதி, சித்தூர் மாவட்டத்தில் இருந்தவரை அம்மாவட்டத்துக்குக் கடற்கரையும் கிடையாது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாக்கப்பட்டபோது, நெல்லூர் மாவட்டத்தின் சூலூர்பேட்டை, தடா பகுதிகள் அதனுடன் இணைக்கப்பட்டன. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி திருப்பதி மாவட்ட ஆட்சியரின் எல்லைக்குள் வந்து சேர்ந்தது.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் செல்வம் முகத்துவாரங்களில் இருக்கிறது. இறால்கள் கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் நுழைந்து, ஆழமற்ற நீரில் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்காக மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை மீனும் நண்டும் ஏறக்குறைய இப்படித்தான். எனவே ஏரி கெட்டால் கடலில் வலை வீசுபவனும் நஷ்டமடைகிறான். ஆரணி, காலங்கி ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் அளவைப் பொறுத்தே பூநாரைகளுக்கும் கூழைக்கடாக்களுக்கும் இரை கிடைக்கிறது.

முகத்துவாரங்களோ மணலால் தூர்ந்து வருகின்றன. ஆந்திரப் பகுதியிலுள்ள ராயதொருவு முகத்துவாரத்தைத் திறந்துவிட வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்துக்கு ஏரியின் குறுக்கே போடப்பட்ட சாலை நீரோட்டத்தைத் தடுத்துள்ளது. தெற்கே, காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6 ஆயிரம் ஏக்கருக்கும் மேலாக விரிவாக்கும் திட்டம் எழுப்பிய எதிர்ப்பு தெரிந்ததே. அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் ஒத்திவைக்கப்பட்டது. ஏரிக்குள் எல்லை எது என்பதில் இரு மாநில மீனவர்களும் பலமுறை மோதிக்கொண்டிருக்கிறார்கள். மீனுக்கு எல்லை தெரியாது என்று இவர்களிடம் சொல்வது சுலபம். பிடிப்பு குறையும்போது பசி எல்லையைத்தான் தேடும்.

இத்தனைக்கும் பொறுப்பேற்க ஓர் அமைப்பு இல்லை. இரு மாநில வனத் துறைகள், மீன்வளத் துறைகள், துறைமுகத் துறை, விண்வெளித் துறை என்று அதிகாரம் சிதறிக் கிடக்கிறது. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளும் அந்தந்த மாநில ஆணையங்களிடமே பணியை ஒப்படைத்தன. ராம்சர் பட்டியலில் சிலிகா 1981லேயே இடம்பெற்றுவிட்டது. பழவேற்காடு இன்னும் இடம்பெறவில்லை.

சிலிகாவும் ஒரு காலத்தில் இதே நிலையில்தான் இருந்தது. 1993இல் அது ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிலிகா வளர்ச்சி ஆணையம் 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரத்தைத் திறந்தது. மீன்பிடிப்பு பல மடங்கு உயர்ந்தது. 2002இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது. ஆனால் சிலிகா முழுவதும் ஒரே மாநிலத்தில், ஒடிசாவில் இருக்கிறது. அந்த வசதி பழவேற்காட்டுக்கு இல்லை.

ஆகவே தில்லிதான் முன்வர வேண்டும். சட்டத்தில் அதற்கு இடமும் உண்டு. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசு தனி ஆணையம் அமைக்கலாம். இறால் பண்ணைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, இப்பிரிவின்கீழ்தான் நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் உருவாயிற்று. நீதிமன்றம் தலையிட்ட பிறகு செய்ய முடிந்ததை, தலையிடும் முன்பே செய்வதில் என்ன தடை? இரு மாநில அரசுகளும் தங்கள் அதிகாரம் பறிபோவதாக முறையிடக்கூடும். அவற்றின் பிரதிநிதிகளையும் மீனவர்களையும் உறுப்பினராக்கினால் அந்தக் குறை பெரிதும் தீரும்.

அப்படியோர் ஆணையம் அமைந்தால், முகத்துவாரங்களைத் தூர்வாருவதோடு ஸ்ரீஹரிகோட்டா சாலையின் அடியில் போதிய நீர்வழிகளை அமைப்பதும் அதன் முதல் பணிகளாக இருக்க வேண்டும். இரண்டாவது பணிக்கு விண்வெளித் துறையின் சம்மதம் தேவை. அத்துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறது.