ஆற்றலைப் பகடையால் வகுத்தல் தகுமோ?

நண்பர் ஐவர் அறுவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று ஆடும் விளையாட்டைப் பற்றிப் படிப்போருட் சிலர் கேள்வியுற்றிருத்தல் கூடும். அவ்விளையாட்டினரிடையே நெடுநாளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஆட்டம் தொடங்குமுன், பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலிய ஆற்றல்களைப் பகடை உருட்டிப் பெறுதல் முறையோ, அன்றி யாவர்க்கும் ஒப்ப அளந்து கொடுத்தல் முறையோ என்பதே அவ்வழக்கு. இஃது அற்பமான பூசலென்று இகழ்வாரும் உளர். ஒருவன் தான் தேடாது பெற்ற குறைநிறைகளோடு பிறரருகே எங்ஙனம் அமர்ந்திருப்பது என்னும் வினா இதனுள் அடங்கியிருத்தலின், இதனை ஆராய்தல் பயனுடைத்தென்று கருதுகின்றோம்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் இயற்றிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. அதன்கண் ஒருவர் நடுவராயிருந்து, நிலவறைகளையும் ஆங்கு உறையும் பூதங்களையும் விரித்துரைப்பார். ஏனையோர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ அவற்றை எதிர்கொள்வர். வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, சுறுசுறுப்பு, கவர்ச்சி என ஆற்றல்கள் ஆறு. ஒவ்வொன்றிற்கும் ஆறுமுகப் பகடை மூன்றினை உருட்டிக் கூட்டி வரும் தொகையே அதன் அளவாம். மூன்று பகடைகள் விழத்தகும் வகை 216. அவற்றுள் 18 வருவது ஒரே வகையில். 3 வருவதும் ஒரே வகையில். 10 அல்லது 11 வருவதோ 54 வகையில். ஆகவே பெரும்பாலார் நடுத்தரமாகவே பிறப்பர்.

இம்முறையில் ஒரு நயம் உண்டு. வாளேந்தக் கருதி வந்தவனுக்கு வலிமை 7 ஆகவும் விவேகம் 15 ஆகவும் விழுமாயின், அவன் வீரனாகும் எண்ணத்தை விடுத்துச் சமயகுருவாகப் புறப்படுவான். தான் ஒருநாளும் விரும்பித் தெரிந்திராத மாந்தனோடு பழகி, அவனை நேசிக்கவும் கற்பான். அளந்து கொடுக்கும் முறையிலோ, வீரரெல்லாரும் வலிமையை மிகுத்துக் கவர்ச்சியைக் குறைத்து, ஓரச்சில் வார்த்த பதுமைகளாய் வந்து நிற்பர்.

எனினும், பகடையை வெறுப்பார் கூற்றும் புறக்கணிக்கத் தக்கதன்று. 1974ஆம் ஆண்டு விதிகளில் ஆற்றலெண்களின் பயன் சிறிதே. வீரனுக்கு வலிமை 15 ஆகவோ அதற்கு மேலாகவோ இருப்பின் அனுபவப் புள்ளிகள் நூற்றுக்குப் பத்து மிகும். அவனது வாள்வீச்சு அதனாற் கூர்மை பெறுவதில்லை. 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, 10க்கு மேற்பட்ட ஒவ்வோர் இரண்டிற்கும் ஒன்று வீதம், உருட்டும் எண்ணோடு சேர்க்கப்பட்டது. 18 உடையான் இருபதுமுகப் பகடையை உருட்டுந்தோறும் நான்கு மிகையாகப் பெறுவான். இருபதில் நான்கு ஐந்திலொரு பங்கன்றோ? முதல்நாள் மாலையில் ஒரு கணம் விழுந்த பகடை, ஆட்டம் நீளுமளவும் ஒருவனை உயர்த்தி, அவன் அயலிருப்பானைத் தாழ்த்திக்கொண்டேயிருக்கும். பகடையின் சொல் பழையதே. அதன் பளுவே பன்மடங்காயிற்று.

இதற்கு மாற்றாக, நான்கு பகடைகளை உருட்டி மிகச் சிறியதைத் தள்ளும் முறையை 1979ஆம் ஆண்டு நடுவர் நூலில் கைகாக்ஸ் கூறினார். அதனாற் சராசரி 10.5இலிருந்து 12.2 அளவிற்கு உயர்ந்தது. யாவரும் உயர்ந்தனரேயன்றி, ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் உள்ள இடைவெளி பெரிதும் சுருங்கிற்றில்லை. 2014ஆம் ஆண்டு விதிநூலில் அம்முறையோடு, 15, 14, 13, 12, 10, 8 என்னும் ஆறெண்களை எல்லாரும் ஒப்பக் கொள்ளும் முறையும், 27 புள்ளிகளைக் கொண்டு ஆற்றல்களை விலைக்கு வாங்கும் முறையும் வைக்கப்பட்டன.

இவ்விரு கட்சியினரினும் குறைபட்டார் ஒருவர் உளர். அவர் பகடையே வேண்டுமென்பர். தாழ்ந்த எண் விழுந்தால் மட்டும், “இது கணக்கிற் சேராது” என்று மீண்டும் உருட்டுவர். யாமும் ஒருகால் அதனினும் இழிந்ததொன்று செய்தோம். எமக்கு வாய்த்த மெலிந்த வீரனை வேண்டுமென்றே பூதத்தின் வாயில் ஓடவிட்டு மாய்த்து, புதிய பாத்திரத்திற்குப் பகடை கேட்டோம். எம்மினும் தாழ்ந்த எண்களைக் கொண்டிருந்த நண்பர், அவனைக் காக்க ஓடிவந்து தம் பாத்திரத்தையும் இழந்தார். அவர் ஒன்றும் கூறினாரல்லர். அன்று எமக்கு விழுந்த உயர்ந்த எண்களில் யாம் இன்பம் கண்டிலேம்.

ஆகவே எம் கருத்து இது. ஒரு மாலையில் முடியும் ஆட்டமாயின், ஒவ்வொருவரும் வரிசைப்படி உருட்டி, விழுந்ததை ஏற்று ஆடுக. சில நாழிகைக் குறையை எவரும் பொறுப்பர். பல திங்கள் நீளும் ஆட்டமாயின், மேசையில் உள்ளார் முறைமாறி எல்லார் முன்னிலையிலும் உருட்டி ஆறெண்களைப் பெறுக. அவ்வாறெண்களையும் யாவரும் பொதுவாகக் கொண்டு, தத்தம் விருப்பின்படி ஆற்றல்களுக்குப் பங்கிடுக. அப்பொழுது எதிர்பாராமை என்னும் இன்பமும் எஞ்சும், அழுக்காறும் தோன்றாது, ஒருவர்க்கு வாய்த்த நல்லெண் அனைவர்க்கும் நல்லெண்ணாம்.

எவ்வழி செல்லினும் பகடையைக் கையிலெடுக்குமுன் அதன் சொல்லுக்கு அடங்கும் மனம் உண்டோ எனத் தம்மை வினவிக்கொள்க. அம்மனம் இல்லார் அளந்து கொள்ளுதலே நன்று, அதில் இழுக்கொன்றுமில்லை. உருட்டியபின் மறுத்தலே இழுக்கு.