மதுக்கூடத்தில் ஒரு ஜெனரல்

1944 அக்டோபரில் நெதர்லாந்தின் பிரெடா நகரை ஜெர்மானியப் படையிடமிருந்து மீட்டவர் போலந்து ஜெனரல் மாச்செக். போர் முடிந்த சில ஆண்டுகளில் அவரை எடின்பரோ ஓட்டல் ஒன்றில் பார்த்திருக்கலாம். மதுக்கூட மேசைக்குப் பின்னால் நின்று, வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரிட்டிஷ் படைக்காரர் இல்லையாம். அதனால் ஓய்வூதியம் கிடையாது.

ஜெனரலுக்கே இந்தக் கதி.

பிரிட்டனோடு சேர்ந்து போரிட்ட போலந்து வீரர்களுடைய ஊர் சோவியத் பிடியில் இருந்தது. திரும்பிப் போகப் பலருக்குப் பயம். அவர்களுக்காக 1946-இல் பிரிட்டன் 'போலந்து மறுகுடியமர்வுப் படை' என்று ஒன்றை அமைத்தது. இரண்டு வருடம் அதில் இருந்துகொண்டே ஆங்கிலம் கற்கலாம், தொழில் பழகலாம், வெளியே வேலை தேடலாம். நல்ல ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. கடல் தாண்டிக் கிடைத்த வேலைகள்தான் உறுத்துகின்றன. கனடா சுமார் 4,500 பேரை எடுத்துக்கொண்டது, இரண்டு வருடம் பண்ணையில் உழைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வட ஆப்பிரிக்காவில் டோப்ருக் முற்றுகையில் நின்றவர்களில் சிலர் டாஸ்மேனியாவில் நீர்மின் அணை கட்டப் போனார்கள். வந்தவர் வக்கீலா, தச்சரா என்பதெல்லாம் அப்புறம். மாட்டுக்கொட்டகைக்கும் கான்கிரீட்டுக்கும் ஆள் வேண்டியிருந்தது. இதை உதவி என்பதா, மலிவாக ஆள் பிடித்தது என்பதா? இரண்டும்தான் என்றே தோன்றுகிறது.

ஜெனரல்களில் மாச்செக் மட்டுமல்ல, நெதர்லாந்தின் ஆர்னெம் சண்டையில் போலந்துப் பாராசூட் படையை நடத்திய ஜெனரல் சோசபோவ்ஸ்கியும் லண்டன் ஆக்டனில் தொழிற்சாலைக் கிடங்கு வேலைக்குப் போனார். ஆனால் மாச்செக்கை பிரெடா மறக்கவில்லை. கௌரவக் குடிமகனாக்கியது, 1994-இல் 102 வயதில் இறந்தவரை அங்கேயே, அவருடைய சிப்பாய்களுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.