அறிந்த பொருள், அறியாத செய்தி: பாவும் ஊடையும்

சென்ற மாதம் மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆடை பற்றிய அத்தியாயம். ஆண்கள் பட்டு உடுத்துவது ஹராம் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், "ஹஜ்ரத், அப்படியானால் நம் ஊரே ஹராமா?" என்று கேட்டுவிட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். காஞ்சிபுரத்தில் பிறந்து, தறி ஓசை கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு எப்படிக் கேட்பான்? நெய்வதும் விற்பதும் பெண்கள் உடுத்துவதும் ஆகுமானவையே, விலக்கெல்லாம் ஆண்கள் உடுத்துவதற்குத்தான் என்று விளக்கினேன். ஆயினும் கேள்வி என்னை விடவில்லை. எனவே இம்மாதப் பக்கம் பட்டுக்கே உரியது.

அந்த விலக்கிலும் ஒரு விலக்கு உண்டு என்பதை நம்மில் பலர் அறியார். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகிய இரு பெரும் தோழர்களுக்கும் உடலில் அரிப்பு நோய் கண்டபோது, பட்டுச் சட்டை அணிந்துகொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். இது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. மேலும், ஆடையின் ஓரத்தில் இரண்டு, மூன்று அல்லது நான்கு விரல் அகலம் வரை பட்டு இருக்கலாம் என்பது உமர் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பு. நம்மூர்ச் சேலைகளின் கரையை அளந்து பார்த்தால் நான்கு விரல் எந்த மூலைக்கு!

ஹனஃபி சட்ட நூல்களில் இன்னொரு நுட்பம் காணப்படுகிறது. பாவு பட்டாகவும் ஊடை வேறு நூலாகவும் இருந்தால் அத்துணியை ஆண்கள் அணியலாம். மாறாக, பாவு வேறு நூலாகவும் ஊடை பட்டாகவும் இருந்தால் போர்க்களம் தவிர வேறெங்கும் அணியலாகாது. காரணம், பாவு வெறுமனே நீட்டிக் கட்டிய நூல். ஊடை குறுக்கே ஓடிய பிறகுதான் அது துணி என்னும் பெயரைப் பெறுகிறது. அரபியில் ஊடைக்கு 'லுஹ்மா' என்று பெயர். இறைச்சியைக் குறிக்கும் 'லஹ்ம்' என்ற சொல்லின் வேரிலிருந்தே இது பிறந்தது. உறவுமுறைக்கும் அரபுகள் 'லுஹ்மா' என்ற இதே சொல்லை ஆள்கிறார்கள். மற்ற ஊர் உஸ்தாதுகள் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் கோடு கிழித்து நடத்த வேண்டும். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு அடுத்த தெருத் தறிக்குப் போய்விட்டேன். நெசவாளர் பெரியவர், "பாய், இதெல்லாம்கூட உங்க கிதாபுல எழுதியிருக்கா?" என்று வியந்தார்.

அந்த அனுமதியின் பெயரிலேயே ஒரு துணி உண்டு. 'மஷ்ரூ' என்றால் ஷரீஅத் அனுமதித்தது என்று பொருள். பட்டுப் பாவு மேலே பளபளக்க, பருத்தி ஊடை உடம்பைத் தொடும்படி நெய்த துணி இது. குஜராத்தின் பாட்டன், மாண்ட்வி போன்ற ஊர்களில் இன்றும் நெய்கிறார்கள்.

பட்டு நகரம் என்று பெயரெடுத்த காஞ்சிக்குப் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகையோ பரம்பரையாக சூரத் நகரத்துச் சரக்கு. பெயரும் வெளியூர்தான்: பாரசீகத்தில் 'ஸர்' என்றால் பொன். முறையான ஜரிகையின் உள்ளே சிவப்புப் பட்டு இழை இருக்கும். அதன்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, பொன் முலாம் பூசுவார்கள். நிகாஹுக்குச் சேலை எடுக்கும் தாய்மார்கள் ஓரத்து ஜரிகையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்ப்பது வீண் சந்தேகம் அன்று. சிவப்பு தெரியாவிட்டால் கடைக்காரரிடம் மேலும் இரண்டு கேள்வி கேட்கலாம்.

தறியின் தலைக்கு மேலே துளையிட்ட அட்டைகள் மாலைபோல் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804இல் உருவாக்கிய முறை அது. எந்த இழை எழ வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்பதை அட்டையின் துளைகள் சொல்லிவிடும். 1839இல் அவருடைய உருவத்தையே ஏறத்தாழ 24,000 அட்டைகள் கொண்டு பட்டில் நெய்தார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர் அச்சுப் படம் என்றே நினைப்பார். அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றைத் தம் இல்லத்தில் வைத்திருந்தவர் ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் பாபேஜ். தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கும் அவர் துளை அட்டையையே எடுத்துக்கொண்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் துளை அட்டையால் எண்ணி முடித்தவர் ஹெர்மன் ஹாலரித். அவருடைய நிறுவனம் பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தில் கலந்தது. ஆக, நம் பிள்ளைகள் கையில் இருக்கும் கணினிக்குத் தறி மூத்த உறவு. இன்று காஞ்சியில் கணினியில் பூ வரைந்து தறிக்கு அட்டை அடிக்கிறார்கள். பேரன் பாட்டனுக்கு உதவுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிச் சேலையின் தனிச்சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டின் ஊடையையும் ஒவ்வொரு வரிசையிலும் கோத்து இணைக்க வேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. ஒருவர் கை போதாது. நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பல தறிகளில் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தது நம் ஊரின் வெட்கம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆயினும், இந்தியப் பட்டுத் தொழிலில் கடனுக்கு ஈடாகச் சிக்கிய சிறார்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றிருந்தது.

எனக்கு அறிக்கை தேவைப்படவில்லை. ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவில்லை. அவன் தந்தை ஒரு தறிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தார்; பிள்ளை கரை நாடா தள்ளப் போய்விட்டான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் சிலேட்டில் போட்டுக் காட்டியதைப் பார்த்துத்தான் நான் பின்னக் கணக்கைப் புரிந்துகொண்டேன். பட்டதாரியானது நான்.

இப்போதும் அவனைக் காண்கிறேன். அண்மையில் எங்கள் உறவினர் வீட்டு வலீமா விருந்துக்கு வந்திருந்தான். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளின் சேலைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல ஹஜ்ரத். கோர்வை எங்கேயாவது பிசகியிருக்கான்னு பார்த்தேன். நல்லாத் தள்ளியிருக்கான் பையன்" என்றான்.