தீயே கூடாதுன்னு சொல்லிச் சொல்லியே காட்டை எரிக்கிறோம்

டிஸ்கி: நான் வனத்துறை ஆள் இல்லை. தாவரவியலும் படிச்சதில்லை. போடிப் பக்கம் பொறந்து, சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு, கிடைச்ச நேரத்துல காட்டைப் பத்தி வாசிக்கிற ஆசாமி. தப்பு இருந்தா பின்னூட்டத்துல வந்து தாராளமா மொத்தலாம்.

வருஷா வருஷம் மாசி பொறந்தா போதும், டிவியில மலை எரியும். கீழே "சமூக விரோதிகள் தீ வைத்தனர்"னு எழுத்து ஓடும். மறுநாள் நம்ம பதிவர்கள் ஆளுக்கொரு இடுகை போடுவோம். ஒருத்தர் மூங்கில் உரசித் தீப்பிடிச்சுதுன்னு எழுதுவார். இன்னொருத்தர் தீ வச்சவனைத் தூக்குல போடச் சொல்வார். மூணாவது ஆள் ஹெலிகாப்டர் வாங்கச் சொல்வார். ரெண்டு கோடை மழை பெஞ்சதும் எல்லாரும் சினிமா விமர்சனத்துக்குத் திரும்பிடுவோம். நானும்தான்.

முதல்ல மூங்கில் கதையை முடிச்சிடுவோம். நம்ம நாட்டுக் காடுகள்ல பிடிக்கிற தீயில மிகப் பெரும்பாலானது மனுசனால வர்றதுதான். மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும்னு வைப்பாங்க. தேனெடுக்கப் போன இடத்துல பந்தம் விழும். பீடித்துண்டு, பக்கத்துத் தோட்டத்துல எரிச்ச குப்பை, வனத்துறை மேல இருக்கிற கோவம்னு பல காரணம் உண்டு.

"அப்ப வச்சவனைப் பிடிச்சு உள்ளே போட்டா முடிஞ்சுதே"ன்னு கேட்பீங்க. அங்கதான் நான் மாறுபடறேன். எந்தத் தீயும் குற்றம்னு சொல்ற சட்டமே மோசமான தீயை வளர்க்குதுங்கறது என் கட்சி. எப்படின்னு சொல்றேன்.

தையில வைக்கிற தீயும் பங்குனியில வைக்கிற தீயும் ஒண்ணு இல்லை. தை மாசத்துல காலையில பனி இருக்கும், மண்ணுல ஈரம் இருக்கும், மரத்துல இலை பாதி நிக்கும். அப்ப வச்ச தீ சருகை மட்டும் தின்னுக்கிட்டு முழங்கால் உயரத்துல மெதுவா நகரும். பச்சை கண்ட இடத்துல தானே அணைஞ்சிடும். ஓடுற முயலுக்கும் வழி இருக்கும், வயசான மரத்துக்கும் ஒண்ணும் ஆகாது. இலையுதிர் காட்டு மரத்துக்கெல்லாம் தடிச்ச பட்டை சும்மா வரலை. அதே இடத்துல பங்குனி வெயில்ல, காத்தோட ஒரு பொறி விழட்டும். உதிர்ந்த சருகு மொத்தமும் காய்ஞ்சு கிடக்கும். அந்தத் தீ ஆளை விட உயரமா எழும்பும், மரத்து உச்சிக்குத் தாவும். முன்னாடி போய் நின்னு யாரும் அணைக்க முடியாது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. சத்தியமங்கலத்துக்கு மேல, கர்நாடகாவுல இருக்கிற பிலிகிரி ரங்கன் மலையில சோளகர்கள் தலைமுறை தலைமுறையா செஞ்சது. (ச. பாலமுருகனோட 'சோளகர் தொட்டி' படிச்சவங்களுக்கு இந்த மக்களைத் தெரியும். நாவல் பேசுறது வேற கொடுமை.) அவங்க கோடையோட ஆரம்பத்துலயே சருகைக் கொளுத்துவாங்க. 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ. புல் தழைக்கும், காட்டுக்குள்ள நடக்க வழி தெரியும். நெல்லி மரத்துல ஏறுற புல்லுருவி மட்டுப்படும்ங்கறது அவங்க அனுபவம். உண்ணிச்செடி கன்னா இருக்கும்போதே கருகிடும்னும் சொல்றாங்க.

1974-ல அந்த மலை சரணாலயம் ஆச்சு. வேட்டை, காடு திருத்தி விவசாயம், தீ எல்லாம் நின்னுச்சு. இன்னைக்கு அங்க போனா உண்ணிச்செடி ஆள் உயரத்துக்குப் புதர் புதரா நிக்குது. ஆராய்ச்சியாளர்கள் 1997-ல அளந்த இடங்களையே 2008-ல திரும்ப அளந்தாங்க. உண்ணி ரொம்பவே பெருகியிருந்துச்சு. அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து இருநூறு வருஷத்துக்கு முன்னாடி அழகுக்குன்னு கொண்டுவந்த செடி! அது அடர்ந்த இடத்துல புல் இல்லை, மரக்கன்னு இல்லை, மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் இல்லை. அதுல தீப்பிடிச்சா ஏணி வச்ச மாதிரி மரத்து உச்சிக்கு ஏறும்.

தடை மட்டும்தான் காரணமான்னு கேட்டா, ஆய்வாளர்களே அடிச்சுச் சொல்றதில்லை. ஆனா "நாங்க கொளுத்துனப்ப இது இப்படி இல்லையே"ன்னு ஒரு கிழவர் சொன்னா, காது கொடுத்துக் கேக்குறது மரியாதை மட்டும் இல்லை, புத்திசாலித்தனமும் கூட.

இந்தத் தடை எங்கேர்ந்து வந்துச்சு? வெள்ளைக்காரன் கொண்டாந்தது. 1882-ல சென்னை மாகாணத்துக்குப் போட்ட வனச் சட்டம்தான் இன்னைக்கும் தமிழ்நாடு வனச் சட்டம்ங்கற பேர்ல நடமாடுது. ஒதுக்குக் காட்டுல தீ வச்சா குற்றம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சரணாலயத்துக்கு அதையே சொல்லுது. அவங்களுக்குக் காடுன்னா தேக்கு, தேக்குன்னா காசு. காசு எரியலாமா? இதுல வேடிக்கை என்னன்னா, பர்மாவுல தீயை நிறுத்தின இடத்துல தேக்கங்கன்னே முளைக்க மாட்டேங்குதுன்னு அவங்க அதிகாரிகளே 1890-கள்லயே புலம்பி எழுதினாங்க. வெளிச்சம் இல்லாம மூங்கிலும் மத்த செடியும் மூடிக்கிச்சு. வெள்ளைக்காரனுக்கே நூறு வருஷத்துக்கு முன்னாடி வந்த சந்தேகம் நமக்கு இன்னும் வரலை.

அமெரிக்காக்காரன் இன்னும் ஒரு படி மேல போனான். எந்தத் தீயா இருந்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள்ள அடக்கணும்னு 1935-ல விதி போட்டான். வருஷக்கணக்குல விறகு சேர்ந்துச்சு. அப்புறம் அவங்களே கொள்கையை மாத்தி, இப்ப திட்டம் போட்டுக் கொளுத்துறாங்க. ஆஸ்திரேலியாவுல ஆர்னம் லாண்ட் பகுதியில 2006-லேர்ந்து பூர்வகுடிகள் வறட்சியோட தொடக்கத்துலயே கொளுத்துறாங்க. பின்னால வர்ற பெருந்தீ குறையுது, புகையும் குறையுதுன்னு அதுக்குக் காசும் கிடைக்குது. அங்க அது வேலை, சம்பளம். இங்க அதே காரியத்துக்கு வழக்கு!

சரி, எதிர்க்கட்சிக்கு வருவோம். "முதுமலைப் பக்கம் ஏற்கெனவே அளவுக்கு மேல எரியுதே, நீ வேற கொளுத்தச் சொல்றியா"ன்னு கேக்குறவங்க சொல்றதுல உண்மை இருக்கு. 1909-லேர்ந்து 1921 வரைக்கும் இருந்த கணக்குப்படி அங்க ஒரு இடம் சராசரியா சுமார் 10 வருஷத்துக்கு ஒரு தடவை எரிஞ்சிருக்கு. 1989-லேர்ந்து 2002 வரைக்கும் பார்த்தா சுமார் 3 வருஷத்துக்கு ஒரு தடவை. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பெருந்தீ வந்தா கன்னு மரமாகாது. ஒத்துக்கறேன்.

ஆனா நல்லா யோசிங்க. இந்த எண்ணிக்கை ஏறினது தடை அமல்ல இருந்த காலத்துல! தடை தீயை நிறுத்தலை. கொளுத்துறவன் திருட்டுத்தனமா கொளுத்திட்டு ஓடுறான். தையில கொளுத்துனா மெதுவா எரியும், பக்கத்துல நின்னு பார்த்துக்கணும், நின்னா மாட்டிக்குவான். பங்குனியில ஒரு குச்சியைக் கிழிச்சுப் போட்டுட்டு ஊருக்கு வந்துடலாம். தீயை அறிஞ்சவனைக் குற்றவாளி ஆக்கினோம், தீயை அறியாதவன் கையில குச்சி போயிடுச்சு.

குரங்கணிக்கு வர்றேன். எங்க ஊர்ப் பக்கம்ங்கறதால இதை எழுதக் கை நடுங்குது. 2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. காய்ஞ்ச புல் மண்டின சரிவு. தீ சரிவுல மேல் நோக்கி ஓடும்போது மனுசனை விட வேகமா ஓடும். மேல இருக்கிற புல்லை முன்கூட்டியே சுட வச்சுக்கிட்டே ஏறும். மலையேறப் போன பிள்ளைங்கள்ல 23 பேர் செத்தாங்க. எங்க அப்பத்தா காலத்துல ராத்திரி மலையில தீ வரிசை தெரிஞ்சா, "மலை மாலை போட்டிருக்கு"ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிடும். அன்னைக்கு ராத்திரி எங்க தெருவுல யாரும் தூங்கலை.

அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு? மலையேற்றத்துக்கு விதி வந்துச்சு. அனுமதி, வழிகாட்டின்னு வந்ததெல்லாம் வேண்டியதுதான், குறை சொல்லலை. ஆனா அந்தப் புல்லை என்ன பண்றதுன்னு பேச்சு எழுந்து நான் கேக்கலை. விதி நடக்கிறவனுக்குத்தான் வந்துச்சு. புல் வருஷா வருஷம் காயத்தான் செய்யும்.

அணைக்கப் போறவங்களையும் நினைச்சுப் பாருங்க. 2017-ல பந்திப்பூர்ல ஒரு வனக்காவலர், 2020-ல திருச்சூர் மாவட்டத்துல மூணு காவலர்கள், தீயோட போராடி உயிரை விட்டாங்க. பல இடத்துல இவங்க கையில இருக்கிறது பச்சைத் தழைக் கொத்துதான். கோடைக்கு மட்டும் கூலிக்கு எடுக்கிற தீக்காவலர்கள் பெரும்பாலும் அதே மலைக்கிராமத்து ஆளுங்க. அவங்க தாத்தாவுக்குக் கொளுத்தத் தெரியும், பேரனுக்கு அணைக்க மட்டும்தான் அனுமதி.

அப்ப என்னதான் செய்யச் சொல்றே? எனக்குத் தோணுறது இதுதான்.

1. எல்லாக் காட்டுக்கும் ஒரே சட்டம் வேண்டாம். சோலைக்காட்டுல தீயே கூடாது, அது தாங்காது. இலையுதிர் காடும் புல்வெளியும் வேற கணக்கு.

2. வனத்துறை இப்பவே தீத்தடுப்புக் கோடுகளைக் கோடைக்கு முன்னாடி எரிக்குது. அதே வேலையைக் கிராமசபையோட சேர்ந்து, தையில, சின்னச் சின்னத் துண்டா, சுழற்சி முறையில காட்டுக்குள்ளயும் செஞ்சு பார்க்கலாம். 2006 வன உரிமைச் சட்டம் சமூகத்துக்குக் காட்டை நிர்வகிக்கிற உரிமை கொடுத்திருக்கு. பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்களுக்கு அந்த உரிமை 2011-ல கைக்கும் வந்துச்சு.

3. உண்ணி அடர்ந்த இடத்துல நெருப்பைக் காட்டாதீங்க. எரிஞ்சாலும் அடியிலேர்ந்து திரும்பத் துளிர்க்கும். முதல்ல வேரோட பிடுங்கணும், புல் வரணும், அப்புறம்தான் தீ.

4. பத்து வருஷம் அளந்து பாருங்க. நான் சொல்றது தப்புன்னு தெரிஞ்சா நிறுத்திடுங்க. தடையை மட்டும் நூத்திச் சொச்சம் வருஷமா அளக்காமலே நம்பிக்கிட்டு இருக்கோமே!

5. தீக்காவலருக்கு வருஷம் முழுக்க வேலை, ஒழுங்கான காலணி, காப்பீடு. இதுக்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

அடுத்த மாசியில மலை எரியறப்ப "யார் வச்சது"ன்னு இடுகை போடறதுக்கு முன்னாடி, "தையில ஏன் யாரும் வைக்கலை"ன்னும் ஒரு வரி கேளுங்க மக்களே. நான் கேக்குறது அவ்வளவுதான்.

பி.கு: இதைப் படிச்சுட்டுத் தீப்பெட்டியோட யாரும் மலைக்குக் கிளம்பிடாதீங்க சாமி. அறிஞ்சவங்க கையில இருக்கணும்னுதான் இவ்வளவு நேரம் கத்தினேன் :-)