தோலில் எழுதிய பெயர்



பதினாறு வயது மகனின் கையில் பச்சை குத்திய அடையாளமொன்றைத் திடீரெனக் காணும்போது, செட்டிபாளையத்திலும் சரி, களுவாஞ்சிகுடியிலும் சரி, நம் எழுவான்கரை வீடுகளில் முதலில் எழுவது கோபமே. அடுத்து எடுக்கப்படுவது லேவியர் நூல் 19:28. அந்த வசனத்தை மகன்மீது எறியுமுன் நிதானமாக வாசியுங்கள். இறந்தோருக்காக உடலைக் கீறிக்கொள்வதையும் உடலில் அடையாளம் பொறிப்பதையும் அது ஒருசேர விலக்குகிறது. அண்டை இனத்தாரின் துக்கச் சடங்குகளிலிருந்து இஸ்ரயேலரைப் பிரித்துக்காட்ட எழுந்த சட்டம் அது என்பர் விவிலிய அறிஞர் பலர். அதற்கு முந்திய வசனம் தாடியின் ஓரங்களை வெட்டுவதைத் தடுக்கிறது. அதைச் சொல்லி எவரும் மகனைச் சலூனிலிருந்து இழுத்து வருவதில்லை!

எகிப்தின் கொப்திக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மணிக்கட்டில் சிலுவையைப் பச்சை குத்தி வருகின்றனர். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதைப் பெயர்சொல்லிக் கண்டிக்கவில்லை. எனவே 'பாவம்' என்னும் சொல்லை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

அதற்காக 'விருப்பம்போல் செய்' என்று விட்டுவிடவும் இயலாது. சுத்திகரிக்காத ஊசி ஈரல் அழற்சி நோய்க் கிருமிகளையும் எச்.ஐ.வி.யையும் பரப்ப வல்லது. பச்சை மையில் சேரும் ஆயிரக்கணக்கான இரசாயனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கட்டுப்பாடு விதித்தது. லேசர் கொண்டு அழிக்கப் பலமுறை செல்ல வேண்டும்; செலவும் வலியும் மிகுதி, சிலருக்கு வடுவும் எஞ்சும். நம் நாட்டில் வேறொரு சிக்கலும் உண்டு. கையில் புத்தரின் உருவம் பொறித்திருந்த பிரித்தானியப் பெண்ணொருவர் 2014இல் கட்டுநாயக்காவில் கைதாகி நாடுகடத்தப்பட்டார். அது சட்டவிரோதமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீடு வழங்கியது 2017இல்தான். பதினெட்டு வயதுவரை பொறுத்திரு என்று பெற்றோர் கேட்பதில் நியாயமுண்டு. அந்த நியாயத்தைக் காரணங்களோடு எடுத்துச் சொல்லுங்கள். அடித்தால் அடுத்ததைச் சட்டைக்குள் மறைவாகக் குத்திக்கொள்வான், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னர், என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நடிகரின் பெயராயின் சிரித்துவிட்டுப் பேசலாம். ஆனால் மட்டக்களப்பு 2019 உயிர்ப்பு ஞாயிறன்று சீயோன் ஆலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர். போரையும் 2004 கடற்கோளையும் கண்ட வீடுகள் நம்முடையவை. இறந்த நண்பனின் பெயரையோ தந்தையின் பெயரையோ ஒரு பிள்ளை தோலில் எழுதினால், வீட்டில் அந்தப் பெயரை உரக்கச் சொல்ல இடமில்லாமற் போயிருக்கலாம். அன்றிரவு அந்தப் பெயரையும் சேர்த்துக் குடும்பச் செபமாலை சொல்லுங்கள். ஞாயிறு திருப்பலிக்கு நீண்ட கைச்சட்டை போட்டுத்தான் வரவேண்டுமென வற்புறுத்தாதீர்கள். குத்திய இடம் வீங்கிச் சீழ் பிடித்திருந்தால் உடனே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்; வழியில் ஏச வேண்டாம்.