துண்டுச் சீட்டாவது எழுதிக் கொடுங்கள்

எங்கள் தோட்டத்தில் மணி என்றொரு நாட்டு நாய் இருந்தது. ஏழு வயது. நிலக்கடலைக் காட்டில் இரவில் பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு நாள் சோறு தின்னாமல் படுத்துவிட்டது. உடம்பு அனலாகச் சுட்டது. பக்கத்து நகரத்தில் உள்ள தனியார் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. வெப்பமானி வைக்கவில்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கவில்லை. உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று கேட்கவில்லை. மூன்று ஊசி, 900 ரூபாய். என்ன மருந்து என்று கேட்டேன். "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது சார்" என்றார். சீட்டும் தரவில்லை. மறுநாளும் இதே கதைதான்.

மூன்றாம் நாள் சிறுநீர் காபி நிறத்தில் போனது. அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த மருத்துவர் முதலில் ஈறைப் பார்த்தார், வெளுத்துப் போயிருந்தது. காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். உண்ணி மூலம் பரவும் ரத்த ஒட்டுண்ணி நோய். "இதுவரை என்ன மருந்து போட்டிருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் விடியற்காலையில் மணி செத்துப்போனது.

முதல் நாளே நோயைக் கண்டுபிடித்திருந்தால் கட்டாயம் பிழைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால், இரண்டு நாள் வீணாகியிருக்காது.

இதில் என் தவறும் உண்டு. பயிரில் என்ன நோய் என்று தெரியாமல் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் நான்கு மருந்தைக் கலந்து அடிக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்பவன் நான். என் நாய்க்கு அதையே செய்தபோது வாயை மூடிக்கொண்டு பணம் கொடுத்துவிட்டு வந்தேன். உண்ணியைத் தடுக்கவும் நான் ஒன்றும் செய்திருக்கவில்லை.

நாய்தானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நாளை மாட்டுக்கும் இதே நிலைதான். மடிநோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டால், அந்த மருந்துக்குரிய நாட்கள் முடியும் வரை பாலை விற்கக் கூடாது. மருந்தின் பெயரே தெரியாதவர் எத்தனை நாள் நிறுத்துவார்? அந்தப் பால் சங்கத்துக்குப் போகும். நம் வீட்டுப் பிள்ளைகளும் குடிப்பார்கள்.

கால்நடை மருத்துவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். ஒரே ஆள் பல கிராமங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாமும் நோய் முற்றிய பிறகுதான் போகிறோம். ஆனால், மருந்தின் பெயரையும் அளவையும் தேதியையும் எழுத ஒரு நிமிடம் போதும். அந்தச் சீட்டு அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கும் உதவும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. எப்போதிலிருந்து தீனி எடுக்கவில்லை, சிறுநீர், சாணம் எப்படி இருக்கிறது, என்ன தடுப்பூசி போட்டது என்று குறித்துக்கொண்டு போக வேண்டும். காய்ச்சல் அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். உண்ணி இருந்தால் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்க வேண்டும். வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. சில வலி மாத்திரைகள் அதன் உயிரையே எடுத்துவிடும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல் போட்டு வர வேண்டும். இது நாயை மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களையும் காக்கும்.

இப்போது எங்கள் மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டு தொங்குகிறது. யார் வந்து ஊசி போட்டாலும், "இதில் எழுதிட்டுப் போங்க டாக்டர்" என்று நீட்டுகிறேன். இதுவரை ஒருவர்கூட மறுக்கவில்லை. அன்றைக்கு நான் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன், நீங்கள் விடாதீர்கள்.